கம்ப்யூட்டருக்குள் எத்தனை மாடி வானம்?

வானிலைப் படங்களைப் பார்த்துப் பார்த்தே மண்டை காய்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கோம். மழை வருமா வராதா என்று ஆரம்பித்து, ஐரோப்பிய மாடல் என்ன சொல்லுது, அமெரிக்க மாடல் என்ன சொல்லுதுன்னு போய், கடைசியில் ஒருத்தர் தீர்ப்பு சொல்வார்: "அவங்க கிட்ட 137 மட்டம், இவங்க கிட்ட 127தான். அதான் கோட்டை விட்டுட்டாங்க." எனக்கு இந்தத் தீர்ப்பு கொஞ்சமும் பிடிக்காது. ஏன் பிடிக்காதுன்னு சொல்லணும்னா பழைய கதை கொஞ்சம் பேசணும். பதிவு நீளமாத்தான் போகும். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில், மட்டம் என்றால் என்ன? கம்ப்யூட்டருக்கு வானம் தெரியாது, எண்தான் தெரியும். அதனால் பூமியைச் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று எண் கொடுக்கிறோம். இது பக்கவாட்டில். இதையே மேல்நோக்கியும் செய்யணும். தரையில் அடிக்கிற காற்றும் பத்து கிலோமீட்டர் உயரத்தில் அடிக்கிற காற்றும் ஒன்றல்ல. ஆக ஒவ்வொரு கட்டத்தின் மேலும் அபார்ட்மென்ட் மாதிரி மாடி மாடியாக அடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மாடிகள்தான் மட்டங்கள். "9 கிலோமீட்டர் கட்டம்" என்று பக்கவாட்டைப் பற்றி எல்லாரும் பெருமை பேசுவாங்க. மாடிகள் எங்கெங்கே, எந்த வடிவத்தில் இருக்கு என்பதை யாரும் கேட்பதில்லை. சண்டை எல்லாம் நடந்தது அங்கேதான்.

கதை லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனிடம் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்துக்காரர், குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்தவர். அதனால் துப்பாக்கி தூக்க மாட்டார். முதல் உலகப்போர் சமயத்தில் ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்முயர் ஆய்வகத்தில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, 1916ல் பிரான்சுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கிய நேரம் போக மிச்ச நேரத்தில், குளிரில், வைக்கோல் குவியலை மேஜையாக்கிக்கிட்டு ஒரு கணக்கு போட்டார். உலகத்தின் முதல் எண்முறை வானிலை முன்னறிவிப்பு அதுதான். (நமக்கு ஏசி ரூமில் உட்கார்ந்து வருமானவரிக் கணக்கு போடவே நாலு நாள் ஆகுது!)

கணக்குக்கு அவர் எடுத்துக்கொண்ட நாள் 1910 மே 20. அன்றைக்கு ஐரோப்பாவில் பல இடங்களில் ஒரே சமயத்தில் பலூன் விட்டு மேல்காற்றை அளந்திருந்தார்கள். மேலே என்ன நடக்குதுன்னு தெரிந்த அபூர்வமான நாட்களில் ஒன்று. ரிச்சர்ட்சன் வானத்தை ஐந்து அடுக்காகப் பிரித்தார். எல்லைகள் 2.0, 4.2, 7.2, 11.8 கிலோமீட்டர். என்னடா இது ஏடாகூடமான எண்கள் என்று தோணும். ஆனா அதில்தான் அவருடைய புத்திசாலித்தனம். இந்த எல்லைகளில் காற்றழுத்தம் சுமாராக 800, 600, 400, 200 மில்லிபார். அதாவது ஐந்து அடுக்குக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை! மேலே போகப்போக காற்று மெலிவதால், அதே எடைக்கு அடுக்கு தடிமனாகிக்கொண்டே போகிறது. காற்றழுத்தம் என்பதே தலைக்கு மேல் இருக்கிற காற்றின் எடைதான் என்பதால், வானத்தை மீட்டரால் அளப்பதை விட எடையால் அளப்பது சௌகரியம். இந்த யோசனை இன்றைக்கும் சாகவில்லை.

அப்புறம் விடை வந்தது. ஜெர்மனியில் மியூனிக் பக்கத்தில் ஆறு மணி நேரத்தில் தரையழுத்தம் 145 மில்லிபார் ஏறும்! பெரிய சூறாவளியின் நடுவிலிருந்து வெளியே வந்தால்கூட அவ்வளவு ஏறாது. உண்மையில் அன்றைக்கு அழுத்தம் அசையவே இல்லை. இந்த லட்சணத்தில் 1917ல் ஷாம்பேன் சண்டையின்போது கையெழுத்துப் பிரதியும் தொலைந்து போய், பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியிலிருந்து கிடைத்தது. மனுஷன் அந்தத் தப்பான விடையை ஒளிக்காமல் 1922ல் புத்தகமாகவே போட்டார் பாருங்க, அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

ஏன் தப்பாப் போச்சு? அடுக்கு கம்மி, அதனால்தான் என்று நினைத்தால் அதுதான் இல்லை. தரையழுத்தம் மாறணும்னா அந்தக் கட்டத்தின் மேலுள்ள ஐந்து அடுக்கிலும் உள்ளே வருகிற காற்றையும் வெளியே போகிற காற்றையும் கூட்டிக் கழிக்கணும். இயற்கையில் கீழே காற்று குவிந்தால் மேலே விரியும். ஒன்றை ஒன்று ஏறக்குறைய முழுசாக அடித்துவிடும். மிச்சம் ரொம்பச் சின்னது. பலூன் அளவுகளில் சின்னச் சின்னப் பிசகு இருந்ததால் அந்த ஈடுகட்டல் நடக்கவில்லை, எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டது. அயர்லாந்தின் பீட்டர் லின்ச் பிற்காலத்தில் இதே கணக்கை கம்ப்யூட்டரில் போட்டு அதே 145ஐ வரவழைத்தார். பிறகு ஆரம்ப எண்களை மட்டும் சமநிலைப்படுத்திவிட்டு, அதே ஐந்து அடுக்கில் ஓட்டினார். மாற்றம் 1 மில்லிபாருக்கும் கீழே வந்தது. ஐந்து மாடியே போதுமாக இருந்திருக்கு. மாடிகளுக்குள் ஒத்துமைதான் இல்லை.

அடுத்த காட்சி இன்னும் வேடிக்கை. 1950ல் அமெரிக்காவில் ஜூல் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நியூமன் மூவரும் எனியாக் கம்ப்யூட்டரில் முன்னறிவிப்பு போட்டபோது எத்தனை மட்டம் வைத்தார்கள் தெரியுமா? ஒன்று! ஒரே ஒன்று. 500 மில்லிபார், அதாவது தரையிலிருந்து சுமார் ஐந்தரை கிலோமீட்டர். வானத்தின் எடையில் பாதி கீழே, பாதி மேலே. கீழே குவிவதும் மேலே விரிவதும் ஏறத்தாழ அந்த நடுப்பகுதியில் பூஜ்ஜியமாவதால், அங்கே காற்று கிட்டத்தட்ட தட்டையான தாளில் ஓடுகிற மாதிரி ஓடும். ரிச்சர்ட்சனைக் கவிழ்த்த அந்தக் கூட்டல் கழித்தல் தலைவலியே இல்லை. 24 மணி நேர முன்னறிவிப்புக்கு மெஷினும் கிட்டத்தட்ட 24 மணி நேரம் எடுத்துக்கிச்சு. ஆனா விடை உருப்படியாக இருந்தது. சார்னி அதை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பி வைத்தார். கிழவர் பார்த்துவிட்டு வாழ்த்து சொன்னார். மூன்று வருஷத்தில், 1953ல் காலமானார்.

ஒரு மாடி வீட்டில் ஒரு பெரிய குறை உண்டு. இருக்கிற புயலை நகர்த்தும், புதுப் புயலைப் பெற்றெடுக்காது. நடு அட்சரேகைப் புயல்கள் பிறப்பது கீழே இருக்கும் குளிர்காற்று வெப்பக்காற்று மோதலும் மேல்காற்றும் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தில். மேல் கீழ் என்ற வித்தியாசமே இல்லாத மாடலுக்கு அது எப்படித் தெரியும்? 1950 நவம்பர் 25 வாக்கில் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் ஒரு ராட்சதப் புயல் திடீரெனக் கிளம்பி, 350க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பிரின்ஸ்டனில் சார்னியும் நார்மன் ஃபிலிப்ஸும் அந்தப் புயலையே பரீட்சைக் கேள்வியாக வைத்தார்கள். ஒரு மட்டம் - பிறக்கவில்லை. மூன்று மட்டம் வைத்ததும் புயல் கணக்கிலேயே பிறந்தது. இது ஒரு பெரிய தருணம் என்பது என் கருத்து. எனியாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, மூன்று மட்டம் ஜெயிச்சாச்சு, இனி ஏறுமுகம்தான்னு நினைப்பீங்க. அதுதான் இல்லை. 1955 மே மாதம் அமெரிக்க அரசு ஐபிஎம் 701 கம்ப்யூட்டரில் தினசரி முன்னறிவிப்பை ஆரம்பித்தது, மூன்று மட்ட மாடலோடு. நாலு பழைய புயலுக்குச் சரியாக வந்த மாடல், தினமும் ஓட்டியபோது சொதப்பியது. கையால் வரைகிறவர்களே இதைவிடத் தேவலை என்ற நிலை. வெட்கத்தை விட்டு மறுபடி ஒரு மட்ட மாடலுக்கே திரும்பினார்கள். அதைப் பழுது பார்த்து வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். மட்டத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு நான் காட்டுகிற முதல் சாட்சி இதுதான். ஆறு அடுக்கு மாடல் அங்கே தினசரி வேலைக்கு வர 1966 ஆச்சு.

இதற்கு நடுவில்தான் மலை குறுக்கே வந்தது. இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

அழுத்தத்தை வைத்து மாடி கட்டினால் ஒரு சிக்கல். 850 மில்லிபார் மட்டம் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். சென்னைக்கு மேலே தாராளமாகப் பறக்கும். ஊட்டிக்குப் போங்க. ஊர் இருப்பதே 2200 மீட்டருக்கு மேல். அங்கே தரையழுத்தமே 800 மில்லிபாருக்குக் கீழே. அப்ப 850 மட்டம் எங்கே? மண்ணுக்குள்ளே! திபெத் இன்னும் மோசம். அங்கே தரையழுத்தம் 600ஐ ஒட்டி. 1000, 850, 700 எல்லாம் பாறைக்குள். பாறைக்குள் காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்று கம்ப்யூட்டர் கேட்டால் என்ன பதில் சொல்வது? மட்டங்கள் மலையில் போய் முட்டி நிற்கிற இடத்திலெல்லாம் தனித்தனி விதி எழுதணும். நரகம்.

1957ல் நார்மன் ஃபிலிப்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். மொத்தம் இரண்டே பக்கம். யோசனை இவ்வளவுதான்: அழுத்தத்தை அப்படியே எடுத்துக்காதீங்க, அந்த இடத்துத் தரையழுத்தத்தால் வகுத்துடுங்க. வருகிற எண்ணுக்கு சிக்மா என்று பெயர். தரையில் சிக்மா எப்பவும் 1. வானத்தின் உச்சியில் 0. சென்னையிலும் 1, ஊட்டியிலும் 1, லாசாவிலும் 1. ஒரே வகுத்தலில் மலை காணாமல் போச்சு! மாடிகள் தரையோடு சேர்ந்து ஏறி இறங்கும், கட்டில் மேட்டில் விரித்த ஜமக்காளம் மாதிரி. எந்த மட்டமும் மண்ணுக்குள் போகாது. ஒரு வருஷம் முன்னால்தான், 1956ல், இதே ஃபிலிப்ஸ் வெறும் இரண்டு மட்டத்தை வைத்து பூமியின் காற்றோட்டத்தையே கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்டியிருந்தார். அதற்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இந்த இரண்டு பக்கத்துக்குக் கிடைத்ததாகத் தெரியலை. ஆனால் 1979 ஆகஸ்டில் ஐரோப்பிய மையம் தன் தினசரி முன்னறிவிப்பை ஆரம்பித்தபோது, 15 மட்டங்களும் சிக்மாதான்.

ஓசியில் எதுவும் கிடைக்காது. சிக்மாவுக்கும் விலை உண்டு. காற்றைத் தள்ளுவது ஒரே உயரத்தில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள அழுத்த வித்தியாசம். ஆனால் சிக்மா மாடி மலைச்சரிவில் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே அது ஆயிரம் மீட்டர் ஏறினால், ஏறியதாலேயே அழுத்தம் 100 மில்லிபார் குறையும். நமக்கு வேண்டிய நிஜ வித்தியாசமோ 1 மில்லிபார். லாரியை டிரைவரோடு எடைமேடையில் ஏற்றி, அப்புறம் டிரைவரை இறக்கிவிட்டு எடை போட்டு, கழித்து டிரைவர் எடையைக் கண்டுபிடிக்கிற வேலை. லாரி எடையில் கால் சதவீதம் பிசகினால் டிரைவர் பாதி ஆளாகிவிடுவார் :-) செங்குத்தான மலைகளில் மாடல் தானாகவே இல்லாத காற்றை அடிக்க வைத்தது. அதோடு, முப்பது கிலோமீட்டர் உயரத்தில்கூட மட்டங்கள் இமயமலையின் முதுகு வடிவத்தைச் சுமந்துகொண்டு திரிந்தன. அங்கே இமயமலைக்கு என்ன வேலை?

யுகோஸ்லாவியாவைச் சேர்ந்த ஃபெடோர் மெசிங்கர் வேறு வழியில் யோசித்தார். 1984ல் அவர் முன்வைத்தது: மாடிகள் கிட்டத்தட்ட சமதளமாகவே இருக்கட்டும், மலையைச் செங்கல் அடுக்கின மாதிரி படிக்கட்டாக்கிடுவோம். படியின் பக்கச்சுவரில் காற்று முட்டித் திரும்பும். சாய்வே இல்லை, கழித்தல் தலைவலியும் இல்லை. ஈட்டா மாடல் என்று பெயர். 1993ல் அமெரிக்காவில் தினசரி வேலைக்கு வந்தது, 38 அடுக்கோடு. மழை முன்னறிவிப்பில் நல்ல பெயர் எடுத்தது. அழகான யோசனைதான்.

அதற்கும் ஒரு மலை காத்துக்கொண்டிருந்தது. யூட்டா மாநிலத்தின் வாசாட்ச் மலைத்தொடர். அங்கே சில சமயம் காற்று மலை முகட்டைத் தாண்டி, மறுபக்கச் சரிவை ஒட்டியபடியே கீழே பாய்ந்து, ஊருக்குள் சூறையாடும். 1990களில் 10 கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டிய ஈட்டா, அப்படி ஒரு சூறைக்காற்றைக் கோட்டை விட்டது. மொட்டை மாடி விளிம்பிலிருந்து எறிந்த பந்து மாதிரி, படிக்கட்டு மலையின் உச்சிப் படியைத் தாண்டிய காற்று நேராகவே போய்விட்டது, சரிவோடு கீழே இறங்கவில்லை. கட்டத்தைச் சின்னதாக்கினாலும் இந்த நோய் போகாது என்று 2000ல் காலஸும் கிளெம்பும் எழுதினார்கள். மெசிங்கர் குழுவினர் விடவில்லை, படிகளுக்குச் சாய்வு கொடுத்துத் திருத்தினார்கள். ஆனால் 2006 ஜூனில் அமெரிக்காவில் ஈட்டாவின் இடத்துக்கு வேறு மாடல் வந்துவிட்டது. வந்த மாடலின் மட்டங்கள் கீழே தரையை ஒட்டி சிக்மா, மேலே சுத்த அழுத்தம்.

இந்தக் கலப்படம் அதற்கும் முன்னாடியே ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்தது. 1981ல் அட்ரியன் சிம்மன்ஸும் டேவிட் பரிட்ஜும் எழுதிய கட்டுரையில் இருந்து வந்தது. ஒவ்வொரு மட்டத்துக்கும் இரண்டு எண். ஒன்று, தரையழுத்தம் என்னவானாலும் மாறாத நிலையான அழுத்தம். இன்னொன்று, தரையழுத்தத்தில் எத்தனை பங்கு என்பது. இரண்டையும் கூட்டினால் அந்த மட்டத்தின் அழுத்தம். கீழ்மாடிகளில் இரண்டாவது எண்ணின் ராஜ்ஜியம், அதனால் மலையோடு வளையும். மேலே போகப்போக அது பூஜ்ஜியமாகி முதல் எண் மட்டுமே நிற்கும், அதனால் உச்சி மாடிகள் இமயமலையை மறந்துவிடும். சண்டையில் யாருக்கும் முழு வெற்றி இல்லை, பஞ்சாயத்தில் தீர்ந்தது. 1983லிருந்து ஐரோப்பிய மாடல் இப்படித்தான். 137க்கும் இதே சூத்திரம்தான்.

இப்ப அந்த 137க்கு வருவோம். ஐரோப்பிய மையத்தின் எண்ணிக்கை 16, 19, 31 என்று மெதுவாக ஏறியது. 1999ல் என்ன நடந்தது என்பதைக் கவனிங்க. மார்ச்சில் 31லிருந்து 50 ஆனது. கூடியது எல்லாம் உச்சியில். வானத்தின் கூரை 10 மில்லிபாரிலிருந்து 0.1க்கு உயர்ந்தது. செயற்கைக்கோள்கள் அனுப்புகிற அளவுகளில் ஸ்ட்ராட்டோஸ்பியரின் பங்கும் கலந்தே வரும், கூரை தாழ்வாக இருந்தால் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. அக்டோபரில் 50லிருந்து 60. இந்தப் பத்தில் பெரும்பாலானவை தரையை ஒட்டி. கடைசி மட்டம் சுமார் 30 மீட்டரில் இருந்தது, 10 மீட்டருக்கு இறங்கியது. மூடுபனி, இரவுக் குளிர் எல்லாம் நடப்பது அந்த முப்பது மீட்டருக்குள்தானே. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை மட்டம் கூடியிருக்கு. ஆனால் நோய் வேறு, மருந்து வேறு. 2006ல் 91 ஆனபோது கூரை 0.01க்குப் போனது, சுமார் 80 கிலோமீட்டர். 2013ல் 137 ஆனபோது கூரை ஒரு இஞ்ச் நகரவில்லை, இடையில் உள்ள மாடிகள்தான் நெருக்கமாயின. அமெரிக்க மாடல் 2021 மார்ச்சில் 64லிருந்து 127க்குப் போனபோது, கூரையும் 80 கிலோமீட்டருக்கு ஏறியது. ஆக 137ஐயும் 127ஐயும் பக்கத்தில் வைத்துக் கழித்தால் வருகிற 10க்கு எந்த அர்த்தமும் இல்லை.

பிரிட்டிஷ்காரர்கள் தனி வழி. 2002லிருந்து அவங்க மட்டங்கள் அழுத்தத்தில் இல்லை, மீட்டர் கணக்கு உயரத்தில். கீழே தரையோடு வளைந்து மேலே சமதளமாகும் என்பது மட்டும் பொது. அதன் 70 மட்டங்களும் 80 கிலோமீட்டர் வரை போகும். எண் ஏறக்குறைய பாதி. அதற்காக அந்த மாடலைப் பாதி மாடல் என்று விவரம் தெரிந்தவர்கள் யாரும் சொல்வதில்லை. நொய்டாவில் இருக்கிற நம்ம மத்திய அரசு மையமும் அந்த பிரிட்டிஷ் மாடலை எடுத்து ஓட்டியிருக்கிறது. அந்த மையம் 1990களில் ஆரம்பித்தது 18 மட்டத்தோடு.

கடைசியாக ஒரு கூத்து. 2023ல் செயற்கை நுண்ணறிவு மாடல்கள் வந்து எல்லாரையும் கலக்கின. ஹுவாவேயின் பாங்கு மாடலுக்கு 13 மட்டம். கூகுளின் கிராஃப்காஸ்டுக்கு 37. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய மையமே தினசரி வேலைக்கு இறக்கிய நுண்ணறிவு மாடலுக்கும் 13தான். பல அளவுகோல்களில் இவை 137 மட்ட மாடலோடு சரிக்குச் சரி நின்றன, சிலவற்றில் முந்தவும் செய்தன. அந்தப் பதின்மூன்றும் என்ன வகை மட்டம்? சிக்மா இல்லை, கலப்படம் இல்லை. பழைய சுத்த அழுத்தம்: 1000, 925, 850, 700 என்று. ஏன்னா இவை பாடம் படித்த பழைய வானிலைத் தொகுப்பை ஐரோப்பிய மையம் 137 மட்டத்தில் கணக்கிட்டு, எல்லாருக்கும் வசதியாக இருக்கட்டும்னு அழுத்த மட்டங்களிலும் மாற்றி வெளியிட்டிருந்தது. மலைக்குள் விழுகிற இடங்களில் ஒரு சூத்திரம் போட்டு எண்ணை நிரப்பியிருந்தார்கள். அதனால் திபெத் பாறைக்குள்ளே 1000 மில்லிபாரில் வெப்பம் எவ்வளவு என்று அந்த மாடல்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரத்தையாக முன்னறிவித்துக்கொண்டிருக்கின்றன. 1957ல் ஃபிலிப்ஸ் இரண்டு பக்கம் எழுதி ஒழித்துக்கட்டின அதே மண்ணுக்கடிக் காற்று!

அடுத்த தடவை 850 மில்லிபார் படத்தில் ஊட்டிக்கு மேலே ஒரு அம்புக்குறியைப் பார்த்தால், அது எங்கே அடிக்கிற காற்று என்று ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.